"எல்லாம் என்னாலதான்" என்று நினைக்கும் பிள்ளையும் பெரியவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி என்று கடலோரப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் குழந்தை மனம் பற்றிப் பேசுவது என் வேலை. எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று கைப்பிள்ளை ஒரு ராஜாவைப்போல நினைக்கிறது, அந்த நினைப்பு பெரியவர்களிடமும் மிச்சம் இருக்கிறது என்று அங்கே சொல்வேன். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருவார்கள். ஊர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்; யார் வீடு என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கைப்பிள்ளை தன்னை ராஜான்னு நெனைக்குதுன்னு சொல்றீகளே, அதுக்கு என்ன தெரியும்?

ராஜா என்றோ நான் என்றோ நினைக்க அதற்குச் சொல் கிடையாது. ஆனால் அதன் பொழுது எப்படிப் போகிறது என்று பாருங்கள். பசிக்கிறது, அழுகிறது, பால் வருகிறது. நனைந்துவிட்டது, சிணுங்குகிறது, துணி மாறுகிறது. நடுவில் ஒருத்தி தூக்கம் கெட்டு எழுந்து வந்தாள் என்பது அதற்குத் தெரியாது. நான் வேண்டியதால்தான் இது நடந்தது என்ற உணர்வு அங்கேதான் முளைக்கிறது என்பார்கள், மனசின் ஆழத்தைப் பேச்சு வழியாக ஆராயும் உளப்பகுப்பாய்வுக்காரர்கள். சிக்மண்ட் ஃபிராய்ட் 1914-இல் எழுதிய ஒரு கட்டுரையில் குழந்தையை 'மாட்சிமை தங்கிய' என்ற அரசப் பட்டம் சேர்த்தே அழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய சகா ஃபெரென்சி இந்த உணர்வு படிப்படியாக எப்படி உருமாறுகிறது என்று எழுதியிருந்தார்: எதையும் கேட்கவே வேண்டியிராத கருப்பை, பிறகு ஆசைப்பட்டாலே கிடைக்கும் என்ற காலம், அப்புறம் கைகாலை ஆட்டிச் சாதிக்கும் காலம், பிறகு சொல்லாலும் நினைப்பாலும் சாதிக்கும் காலம்.

புத்தகம் வேண்டாம் என்றால் சேலைத் தூளியில் கிடக்கும் மூன்று மாதப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். காலை உதைக்கும். தூளி ஆடும், மேலே கட்டிய கிலுகிலுப்பை குலுங்கும். பிள்ளை ஒரு நொடி அசையாமல் கிடக்கும், கண் அகலும். மறுபடி உதைக்கும், இந்தத் தடவை வேண்டுமென்றே. 1969-இல் அமெரிக்காவில் கரோலின் ரோவீ இதையே ஆய்வாகச் செய்தார். தொட்டிலுக்கு மேல் தொங்கிய பொம்மைகளையும் குழந்தையின் கணுக்காலையும் ஒரு நாடாவால் இணைத்தார். தன் காலசைவில்தான் பொம்மை ஆடுகிறது என்பதைக் குழந்தைகள் சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக உதைத்தன.

இதெல்லாம் நெசந்தானா? பிள்ளை மனசுக்குள்ள போய்ப் பாத்தவுக யாரு?

நல்ல சந்தேகம். ஃபிராய்டும் ஃபெரென்சியும் கைக்குழந்தைகளை உட்கார்ந்து கவனித்து இதைச் சொல்லவில்லை. பெரியவர்களின் பேச்சிலிருந்து பின்னோக்கிப் போய் ஊகித்தார்கள். 1985-இல் டேனியல் ஸ்டெர்ன் இதை மறுத்தார்: குழந்தை தாயோடு ஒன்றாகக் கலந்து கிடப்பதில்லை, தான் வேறு பிறர் வேறு என்பது ஆரம்பத்திலிருந்தே அதற்கு ஓரளவு தெரிகிறது என்றார்.

என் கணக்கில் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை தன்னை எல்லாம் வல்லதாக உணர்கிறது என்பது ஊகம். தன்னால் ஒன்று நடக்கிறதா என்று அது கவனிக்கிறது, நடந்தால் மகிழ்கிறது என்பது ஆய்வில் கண்டது. நூலை இழுத்தால் படமும் பாட்டும் வரும்படி செய்து, திடீரென்று வராமல் நிறுத்தியபோது சில மாதக் குழந்தைகளின் முகத்தில் கோபம் தெரிந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். படமும் பாட்டும் நின்றது மட்டும் அந்தக் கோபத்துக்குக் காரணமில்லை. தன் பிடி போய்விட்டதே என்ற கோபமும் அதில் உண்டு.

அழுதவுடனே தூக்குனா கெட்டுப்போயிரும்னு எங்க மாமியா சொல்றாக. தூக்கலாமா கூடாதா?

முதல் சில மாதங்களில் தாராளமாகத் தூக்குங்கள். குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் சொன்னது இது: ஆரம்பத்தில் தாய் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுசாக ஈடுகொடுக்க வேண்டும். பிறகு, குழந்தை தாங்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவற வேண்டும். தவறுவதும் தாயின் வேலைதான் என்றார் அவர். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது "இந்தா வர்றேன்டா" என்று குரல் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போகிறீர்களே, அதுதான் அந்தப் பாடம். அந்த இரண்டு நிமிடத்தில் குழந்தை விரலைச் சப்பும், தலையணை நுனியைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நேரம்தான் தப்பு. இரண்டு மாதப் பிள்ளைக்குச் சொல்வதை இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் சரியாக இருக்கும்.

நிலா என் பின்னாடியே வருதுங்குறான். இப்பவே பொய் சொல்லப் பழகுறானா?

பொய்யில்லை. பாம்பன் பாலத்தில் ராத்திரி பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்த எந்த நாலு வயதுப் பிள்ளைக்கும் நிலா கூடவேதான் வரும். பிள்ளைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த ஜான் பியாஜே 1920-களில் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் கேட்டபோதும் இதே பதில்தான் கிடைத்தது. சுமார் இரண்டிலிருந்து ஏழு வயதுவரை பிள்ளையின் உலகம் அதைச் சுற்றியே ஓடும். நான் பாடினதால் மழை நின்றது, நான் கண்ணை மூடினதால் ராட்டினம் நின்றது என்றெல்லாம் வரும்.

திருத்த வேண்டாம். "என் பின்னாலயும்ல வருது, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பியாஜேயும் ஏறக்குறைய இப்படித்தான் மடக்கினார். பிள்ளை முழிக்கும், யோசிக்கும், "அப்ப ரெண்டு நிலா" என்று ஒரு பதில் சொல்லும். விட்டுவிடுங்கள்.

அப்பாவ நேவி புடிச்சிட்டுப் போனதுக்கு நான்தான் காரணம்னு எட்டு வயசுப் பொண்ணு அழுகுறா. இவளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கரையில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்வி பதிலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் இதுதான். நடந்தது இவ்வளவு: பிள்ளை சைக்கிள் கேட்டிருக்கிறாள். அப்பா "அடுத்த பாடு (மீன் வரத்து) பாத்து வாங்குவோம்" என்றிருக்கிறார். "நீ ஒண்ணும் வர வேணாம், கடல்லயே இரு" என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டாள். விடியற்காலை படகுகள் திரும்பின, அப்பா போன படகு வரவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி மதியம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் அவள் சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எல்லோரும் அப்பா ஏக்கம் என்று நினைத்தார்கள்.

எல்லாம் என்னால் ஆகும் என்ற நினைப்புக்கு இரண்டு முகம். "நான் சொன்னா நடக்கும்" என்று குதிக்கும் முகத்தை நாம் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவோம். "நான் சொன்னதாலதான் நடந்துருச்சு" என்று சுருண்டு கிடக்கும் முகம் கண்ணில் படுவதில்லை. எண்ணத்துக்குச் சர்வ வல்லமை உண்டு என்ற தொடரையே ஃபிராய்ட் ஒரு நோயாளியிடமிருந்துதான் எடுத்தார். தான் ஒருவருக்குக் கெடுதல் நினைத்தால் அது நடந்துவிடும் என்று நடுங்கிய இளைஞர் அவர். அந்த விவரத்தை ஃபிராய்ட் 1909-இல் வெளியிட்டார். நாம் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம். "வாயைக் கழுவு", "கருநாக்குக்காரி", "நீ சொன்ன நேரம் பாத்தியா" என்றெல்லாம் வேடிக்கைக்குச் சொன்னாலும், பிள்ளை அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது.

"அப்படியெல்லாம் இல்ல, சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். என்ன சொன்னாய் என்று முழுசாகக் கேளுங்கள். அப்புறம் உண்மையான காரணத்தைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள்: கடலில் இரண்டு நாட்டுக்கும் நடுவே 1974-இலும் 1976-இலும் போட்ட ஒப்பந்தப்படி ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, மீன் அதற்கு அந்தப் பக்கமும் கிடைக்கும், படகு தாண்டினால் அவர்கள் பிடிப்பார்கள், கோர்ட்டில் நிறுத்துவார்கள், விடுவிக்கப் பெரியவர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். வெறும் ஆறுதலைவிட இந்த விவரம் பிள்ளையின் தலையிலிருந்து பாரத்தை இறக்கும். அப்பா திரும்பி வந்ததும் அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. கோபப்பட்டது தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை இனி யார் மீதும் கோபமே படக்கூடாது என்று முடிவு செய்துவிடும்.

வாப்பா சவூதியில இருக்காக. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வந்து கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துட்டுப் போறாக. பிள்ளை தலைக்கனம் புடிச்சுப் போகாதா?

பொருளால் மட்டும் தலைக்கனம் வருவதில்லை. நெதர்லாந்தில் ஏழிலிருந்து பதினொரு வயதுக்குட்பட்ட 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. "என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி, அவனுக்குத் தனி மரியாதை வேண்டும்" என்று பெற்றோர் நினைத்த வீடுகளில் பிள்ளைகளிடம் தற்பெருமை பின்னாளில் கூடியது. பாசமாக இருந்த வீடுகளில் கூடியது தன்மதிப்பு. இரண்டும் வேறு வேறு வழியில் வருகின்றன.

ஆகவே வீடியோ காலில் "நீ எப்படி இருக்க, இன்னிக்கி யார்கூட விளையாண்ட?" என்று வாப்பா கேட்கட்டும். "எம்மவனுக்கு நிகர் கீழக்கரையில எவன் இருக்கான்?" என்பதைக் குறைத்துக்கொள்ளட்டும். உம்மா வேண்டாம் என்று சொன்னதை லீவில் வந்த வாப்பா ஒரே நாளில் வாங்கிக் கொடுப்பதுதான் நிஜமான சிக்கல். யார் வீட்டில் இல்லையோ அவரே பெரியவர் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. உம்மாவின் சொல் அதோடு எடுபடாது. போனிலேயே இருவரும் முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும் இந்த நெனப்பு ஏன் கூடுதலா இருக்கு?

நாம் கொடுக்கிறோம், அதனால். மீனில் நடுத்துண்டு அவனுக்கு, தலையும் வாலும் அக்காவுக்கு. அவள் எட்டு வயதில் குடம் தூக்குகிறாள், அவன் பன்னிரண்டு வயதில் "தண்ணி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடுகிறான், தண்ணீர் வருகிறது. முதல் பதிலில் சொன்ன தூளிப் பிள்ளைக்கும் இவனுக்கும் வித்தியாசம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

நாலு போடு போட்டு வளத்தா இது அடங்கிராதா?

அடங்கினதுபோலத் தெரியும். அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது, பலம் உள்ளவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை. தன் முறை வரும்வரை காத்திருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எதைச் செய்தாலும் விளைவு மாறாது என்று ஆகிவிட்டால் உயிர்கள் முயற்சி செய்வதையே விட்டுவிடும். மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 1967-இல் நாய்களை வைத்து இதைக் காட்டினார்கள்: தடுக்கவே முடியாத மின் அதிர்ச்சியைப் பட்ட நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்ப வழி இருந்தும் படுத்தே கிடந்தன. பிள்ளையின் நினைப்பைக் குறைக்க வேண்டுமே தவிர உடைத்துவிடக் கூடாது. எப்படி என்பதற்கு மாமியார் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். வயதுக்கேற்ற சின்னச் சின்ன ஏமாற்றம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

படகுல எலுமிச்சம்பழம் கட்டுறது, சூடம் கொளுத்துறது, மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துறது எல்லாம் இந்தச் சின்னப்பிள்ள நெனப்புதானா?

இதைக் கேட்டவர் படகு ஓட்டுபவர். கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டார். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆபத்தில்லாத உள்கழியில் மீன் பிடிக்கப் போனவர்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு அத்தனையும் செய்தார்கள். திறமையும் அறிவும் எங்கே தீர்கிறதோ அங்கே சடங்கு ஆரம்பிக்கிறது.

வேண்டிக்கொள்வதையும் கட்டளை போடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். "தாயே, கரை சேத்துரு" என்பவர் இது என் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்கிறார். எல்லாம் என்னால் ஆகும் என்ற நினைப்புக்கு நேர் எதிர் அது. "நான் பழம் கட்டிட்டேன், இனி வலை, இன்ஜின், வாக்கி டாக்கி எதையும் பாக்க வேணாம்" என்றால்தான் பயப்பட வேண்டும். அப்படிச் சொல்லும் ஓட்டுநர் யாரையும் நான் பார்த்ததில்லை.

புயல் கூண்டு ஏத்தியாச்சுன்னு தெரிஞ்சும் 'எனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு எளவட்டப் பயலுக கெளம்புறானுகளே?

பாம்பனில் கூண்டு ஏறினால் கிழவர்கள் வத்தையை, அதாவது சின்னப் படகை, கரையேற்றிவிடுவார்கள். பதினேழு வயதுக்காரன் அலை பார்க்கப் போவான், செல்பி எடுப்பான். டேவிட் எல்கிண்ட் 1967-இல் இந்த வயதுக்காரர்களைப் பற்றி எழுதினார். எனக்கு நடப்பது யாருக்கும் நடக்காது, மற்றவர்களுக்கு வரும் கேடு எனக்கு வராது என்று ஒவ்வொருவனும் தனக்கொரு கதை வைத்திருக்கிறான் என்றார்.

அதோடு முடியவில்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில் பதின்பருவத்தினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள். தனியாக விளையாடும்போது இருந்ததைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது ஆபத்தான ஓட்டம் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நாலு பயல்களுக்கு நடுவே திட்டினால் அவன் கட்டாயம் போவான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே ராத்திரியில் போன கதையைச் சொல்லலாம். ஆனால் தாத்தா காலத்துக் கதையாகத்தான் கேட்டுக்கொள்வான்.

பெரியவுகள்ல இது இருக்குன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? திமிர் புடிச்சவுக எல்லாருக்கும் இதுதானா?

திமிரை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அப்பாவைக் கடற்படை பிடித்த பிள்ளை பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டு முகமும் பெரியவர்களிடம் உண்டு. குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "நான் சரியா கவனிக்கல" என்று உருகும் மூத்த அக்காவைப் பாருங்கள். பார்க்கத் தியாகம், உள்ளே "எல்லாம் என் கையில்தான் இருந்தது" என்ற கணக்கு. அவரைத் திமிர்க்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாதாரண ஆட்களிடமும் இது மிச்சம் இருக்கிறது. எல்லன் லாங்கர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரிச் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்க, கையில் கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல் விலை கேட்டார்கள். சீட்டு ஒன்றுதான், பரிசு விழும் வாய்ப்பும் ஒன்றுதான்.

எங்க வீட்டுக்காரர் கடல்ல டிரைவர். வீட்டுலயும் அவரு சொன்னதுதான். தடைக்காலம் 61 நாளும் நரகம். இது வியாதியா?

நடுக்கடலில் ஓட்டுநர் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்யத்தான் வேண்டும், உயிர் விஷயம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. கையில் காசும் இருக்காது. படகில் கிடைத்ததை வீட்டில் தேடுகிறார். இதற்கு வியாதிப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். தற்பெருமை ஆளுமைக் கோளாறு என்று ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. சொல்லப்பட்ட 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், வாழ்க்கை முழுக்கப் பல இடங்களில் இருக்க வேண்டும், அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட் சொன்ன கோணம் எனக்குப் பிடிக்கும்: சின்ன வயதில் தன் பெருமையை யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை என்றால் அந்தப் பசி அப்படியே உள்ளே தங்கிவிடும். இவரை எட்டு வயதில் யார் பாராட்டினார்கள் என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.

இதெல்லாம் கத்தல், கோபம் அளவில் இருந்தால். கை நீட்டினால் அது மனசு ஆராய்ச்சி இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போனா சரியாகிடாதா?

மூன்று விஷயம் கண்டால் தாமதிக்காதீர்கள். பல நாள் சரியாகத் தூங்காமலே தெம்பாக இருந்து, "என்னால முடியாதது ஒண்ணுமில்ல" என்று கடன் வாங்கிச் செலவழிப்பது, ஓயாமல் பேசுவது. கெட்ட நினைப்பு வந்துவிட்டது, அம்மா செத்துவிடுவாள் என்று பயந்து கையைக் கழுவுவது, எண்ணுவது, தொட்டதையே தொடுவது. என்னால்தான் எல்லாம், நான் இருக்கவே கூடாது என்று பேசுவது. மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மனநோய் தீர வேண்டிப் பலர் வரும் ஏர்வாடி தர்காவுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. போய் மனசு லேசாகி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் உட்பட 28 பேர் செத்துப்போனார்கள். கட்டிப்போடும் இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வராதீர்கள். துவாவோடு மருந்தும் நடக்கட்டும்.

இந்த நெனப்பு ஒரு சொட்டு இல்லாம போயிட்டா மனுசன் நல்லா இருப்பானா?

இருக்க மாட்டான் என்றுதான் தோன்றுகிறது. 1979-இல் அலாய், ஆப்ரம்சன் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, பச்சை விளக்கு எரிவது எவ்வளவு தூரம் உங்கள் கையில் இருக்கிறது என்று கேட்டார்கள். மனச்சோர்வில் இருந்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்களால் கட்டுப்படுத்த முடியாதபோதும் முடிவதாக நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நேற்று மீன் பாடில்லாமல் வந்தவர் இன்று கடலுக்குப் போக டோக்கன் வாங்கிக் கிளம்ப ஏதோ ஒன்று கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இருக்க வேண்டும்.

நான் கடல்பாசி எடுக்கப் போன நேரத்துல மவன் படியில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சிருச்சு. நான் வீட்டுல இருந்திருந்தா ஒடிஞ்சிருக்காதுல்ல?

ஒடியாமலும் இருந்திருக்கலாம். நீங்கள் இருந்து, வேறு நாள், வேறு இடத்திலும் ஒடிந்திருக்கலாம். அப்போது பாட்டி பக்கத்தில் இருந்தார், ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிப் போனார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த எட்டு வயதுப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மேலே எழுதியதை ஒரு தடவை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்: உண்மையான காரணம் பாசி பிடித்த படி. பையனிடமும் அதையே சொல்லுங்கள், "நான் போகாம இருந்திருந்தா" என்று அவன் காதுபட அழாதீர்கள். பாசி எடுப்பதை விட வேண்டாம், பள்ளிச் செலவு அதில்தான் ஓடுகிறது. படியை மட்டும் கொத்தனாரை விட்டுச் சொரசொரப்பாகப் பூசி விடுங்கள்.